ஃப்ளைட் சிமுலேட்டரில் விமான ரேடியோ: சுவிட்ச் போடுவதிலிருந்து ஐ.எல்.எஸ். வரை

புதிதாக வருபவர்கள் ரேடியோவில் தடுமாறுவது அலைவரிசை எண் தெரியாமல் அல்ல. எண் சரியாகவே இருக்கும், ஆனால் ஸ்டாண்ட்பையில் (காத்திருக்கும் இடத்தில்) இருக்கும். ஆக்டிவில் (வேலை செய்யும் இடத்தில்) இருந்தால் ஆடியோ பேனலில் பொத்தான் அழுத்தியிருக்காது. அதுவும் சரியாக இருந்தால் வழிகாட்டும் முள் ஜி.பி.எஸ்.ஸைக் காட்டிக்கொண்டிருக்கும், அதை வி.ஓ.ஆர். (தரையிலிருந்து வழிகாட்டும் வானொலி நிலையம்) என்று நினைத்துத் திரும்புவார்கள். ஒரு படி விட்டுப்போனால் அடுத்த எல்லாப் படிகளும் வீண். அதனால் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்து பாருங்கள்.

1. உட்காரும் முன் வேண்டியவை

வட்ட முள் கருவிகள் கொண்ட செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் திரை விமானங்களில் எல்லாம் ஒரே திரைக்குள் போய்விடுவதால், எது எதோடு இணைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வட்டக் கருவிப் பேனலில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. மேலே ஆடியோ பேனல், அதன் கீழே ரேடியோக்கள், பெரும்பாலும் அவற்றுக்கும் கீழே டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் சொல்லும் கருவி) என்று அடுக்கியிருக்கும்.

பயிற்சிக்கு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சொல்வேன். சின்ன விமான நிலையம், பெரிய விமான நிலையம், வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டும் வானொலி அமைப்பு) எல்லாம் சில நிமிடப் பறத்தலுக்குள் இருக்கின்றன. பாலோ ஆல்ட்டோவில் கிளம்பி சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவோம். நிஜத்தில் அது கட்டுப்பாடு மிகுந்த வான்வெளி. எனவே முதல் சில முறை சிமுலேட்டரின் ஏ.டி.சி.யை (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை) அணைத்துவிட்டு, காற்று இல்லாத தெளிந்த வானத்தில் பறங்கள்.

இன்னொன்று: இரண்டு விமான நிலையங்களின் வரைபடங்களையும் கையில் வையுங்கள். அமெரிக்க வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கீழே நான் தரும் எண்கள் உங்கள் சிமுலேட்டரின் தரவோடு ஒத்துப்போகாவிட்டால், சிமுலேட்டரின் வரைபடம் காட்டும் எண்ணையே போடுங்கள். அங்கே ஒலிபரப்பாவது அதுதான்.

2. மின்சாரம்

பேட்டரி, ஆல்டர்னேட்டர், எஞ்சின், அதன் பிறகு ஏவியானிக்ஸ் மாஸ்டர் (ரேடியோக்களுக்கான பொதுச் சுவிட்ச்). இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எஞ்சினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் விழுந்து எழும், அந்த அதிர்ச்சி ரேடியோக்களுக்குப் போகக் கூடாது. எனவே எஞ்சின் நிலையாக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஏவியானிக்ஸ்.

எஞ்சினை அணைத்து வைத்து ரேடியோவைப் படித்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். பேட்டரி தீர்ந்ததும் திரை இருண்டுவிடும், சிமுலேட்டர் கெட்டுப்போனது என்று நினைப்பீர்கள். எஞ்சின் ஓடட்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்கட்டும்.

3. எண்ணைப் பார்த்தே எது எது என்று சொல்லப் பழகுங்கள்

பேசுவதற்கு காம். வழி காண்பதற்கு நேவ். இரண்டும் வேறு வேறு வானொலிப் பெட்டிகள், ஒரே உறைக்குள் இருந்தாலும்கூட.

நேவ் 108.00-இலிருந்து 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை. காம் 118.000-இலிருந்து 136.975 வரை. ஆகவே 115.8 என்று எங்காவது பார்த்தால் அதில் யாரோடும் பேச முடியாது, அது நேவ். 118.6 என்றால் அங்கே முள் எதுவும் அசையாது, அது காம். 118 என்ற எல்லை மனத்தில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நேவுக்குள் இன்னொரு பிரிவு இருக்கிறது. 108-க்கும் 112-க்கும் இடையில், புள்ளிக்குப் பின் வரும் முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால் அது ஐ.எல்.எஸ். வகை. இரட்டைப்படை என்றால் வி.ஓ.ஆர். 109.55 ஐ.எல்.எஸ்., 108.4 வி.ஓ.ஆர். 112-க்கு மேல் எல்லாமே வி.ஓ.ஆர்.

சில பழைய ரேடியோக்களும் சில வரைபடங்களும் மூன்றாவது இலக்கத்தைக் காட்டுவதில்லை. 135.27 என்று இருந்தால் அது 135.275. ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் அங்கே மூன்றாவது இலக்கம் ரொம்ப முக்கியம், விட்டுவிடக் கூடாது.

4. ஆடியோ பேனல்: முதலில் தொட வேண்டியது

எல்லோரும் கடைசியில் பார்ப்பது இதை. முதலில் பார்க்க வேண்டும் என்பேன். எந்த ரேடியோவின் சத்தம் உங்கள் காதுக்கு வர வேண்டும், உங்கள் குரல் எந்த ரேடியோ வழியாக வெளியே போக வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தப் பட்டைதான்.

அதில் இரண்டு வகைப் பொத்தான்கள். "மைக்" என்று பெயர் உள்ளவை அனுப்புவதற்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் தேர்வாகும். மற்றவை கேட்பதற்கு, எத்தனை வேண்டுமானாலும் ஒன்றாக அழுத்தலாம். காம்1 மைக்கைத் தேர்ந்தெடுங்கள், காம்1, காம்2 இரண்டையும் கேட்கும்படி வையுங்கள். நேவ்1-ஐ இப்போதைக்கு அணைத்து வைக்கலாம், பிறகு அடையாள ஒலிக்கு வேண்டும்.

அதே நேரத்தில் ஒவ்வொரு ரேடியோவின் ஒலியளவுக் குமிழையும் பாருங்கள். ஆடியோ பேனலில் பொத்தான் எரிகிறது, ஆனால் ரேடியோவின் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறது என்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

5. ஸ்டாண்ட்பை, ஆக்டிவ்

ஒவ்வொரு ரேடியோவிலும் இரண்டு எண்கள் தெரியும். குமிழைத் திருப்பினால் மாறுவது ஸ்டாண்ட்பை. இரட்டை அம்புக்குறி போட்ட பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். ஆக்டிவில் உள்ளது மட்டுமே வேலை செய்யும்.

இப்படி வைத்ததன் பயன் பெரிது. கிரவுண்டோடு (தரையில் விமானங்கள் நகர்வதைக் கவனிப்பவர்) பேசிக்கொண்டிருக்கும்போதே டவரின் (ஓடுபாதையைக் கவனிப்பவர்) எண்ணை ஸ்டாண்ட்பையில் போட்டு வைக்கலாம். "டவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றதும் ஒரே அழுத்து. தவறான எண்ணுக்குப் போய்விட்டால் அதே பொத்தானை மறுபடி அழுத்தி முந்தையவரிடம் திரும்பிவிடலாம், ஏனென்றால் பழைய எண் ஸ்டாண்ட்பையில் பத்திரமாக இருக்கிறது. அதனால் மாற்றியவுடனே ஸ்டாண்ட்பையில் அடுத்ததைத் திணிக்க வேண்டாம். புதியவர் பதில் சொன்ன பிறகு மாற்றுங்கள்.

குமிழ் இரண்டு அடுக்காக இருக்கும். வெளிவளையம் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை மாற்றும், உள்குமிழ் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை.

கார்மின் 530 அல்லது 430 (ஜி.பி.எஸ்.ஸும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி) இருக்கும் பேனலில் ஒரு சிக்கல் எல்லோரையும் பிடிக்கும். அதில் காமுக்கும் நேவுக்கும் ஒரே குமிழ். திரையின் இடது ஓரத்தில் மேலே காம் எண்கள், கீழே வி.எல்.ஓ.சி. என்ற பெயரில் நேவ் எண்கள். எந்த ஸ்டாண்ட்பை எண்ணின் மேல் கட்டம் நிற்கிறதோ அதுதான் மாறும். சாதாரணமாக அது காமில் நிற்கும். 115.8 போட நினைத்துத் திருப்புவார்கள், எண் 118-க்குக் கீழே போக மறுத்து 136-க்குத் தாவும். உள்குமிழை ஒருமுறை அழுத்துங்கள், கட்டம் கீழே இறங்கும். இப்போது திருப்பினால் நேவ் மாறும். இடம் மாற்றும் அம்புப் பொத்தானும் காமுக்கு ஒன்று, நேவுக்கு ஒன்று எனத் தனித்தனி.

6. பேசும் முன் கேளுங்கள்

பாலோ ஆல்ட்டோவின் ஏடிஸ் 135.275. காம்1-இல் போட்டு ஆக்டிவாக்குங்கள். காற்று, பார்வைத் தூரம், ஆல்டிமீட்டர் அழுத்தம், பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை எல்லாம் பதிவுக் குரலில் வரும். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஓர் எழுத்து உண்டு, உதாரணமாக பிராவோ, அதாவது பி. அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைச் சொன்னால், வானிலை உங்களுக்குத் தெரியும் என்று கன்ட்ரோலர் புரிந்துகொண்டு திரும்பச் சொல்ல மாட்டார்.

ஏடிஸ் கேட்டுவிட்டது என்றால் மின்சாரம், ஆடியோ பேனல், ஒலியளவு, ஆக்டிவ் எண் நான்கும் சரி என்று தெரிந்துவிடும். அதனால்தான் முதல் சோதனைக்கு இதை வைத்திருக்கிறேன். கேட்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள், பின்னால் போய்ச் சரிசெய்யுங்கள்.

7. பேசுவது

கிரவுண்ட் 125.0, டவர் 118.6. ஆக்டிவில் கிரவுண்ட், ஸ்டாண்ட்பையில் டவர்.

முதல் அழைப்புக்கு நான்கு துண்டுகள்: யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். "பாலோ ஆல்ட்டோ கிரவுண்ட்" என்று தொடங்கி, உங்கள் விமானத்தின் பதிவு எண், பிறகு "பார்க்கிங், இன்ஃபர்மேஷன் பிராவோ, ரெக்வெஸ்ட் டாக்ஸி". அவ்வளவுதான். இதற்கு மேல் முகமன் எதுவும் வேண்டாம், அலைவரிசையில் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

பொத்தானை அழுத்திவிட்டு அரை நொடி விட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். முதல் சொல் போனால் நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்பதே போய்விடும்.

பதில் வந்ததும் திரும்பச் சொல்ல வேண்டியவை: ஓடுபாதை எண், "ஹோல்ட் ஷார்ட்" (ஓடுபாதைக்கு முன்பே நில்) என்ற கட்டளை, புறப்பாடு அல்லது தரையிறக்க அனுமதி, உயரம், டிரான்ஸ்பாண்டர் எண். வெறும் "ரோஜர்" போதாது. திரும்பச் சொன்னால்தான் நீங்கள் தவறாகக் கேட்டிருப்பதை அவர் பிடிக்க முடியும்.

சிமுலேட்டரின் உள் ஏ.டி.சி.யில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ரேடியோ தானாகவே மாறிவிடும். அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எண்ணை நீங்களே கையால் போட்டுவிட்டு, பிறகு பட்டியலுக்குப் போங்கள்.

8. டிரான்ஸ்பாண்டர்

நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை. 8-ஐத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், அது கிடையாது. கன்ட்ரோலர் எண் தராத பார்வைவழிப் பறத்தலுக்கு அமெரிக்காவில் 1200, ஐரோப்பாவில் பெரும்பாலும் 7000.

எண் போட்டால் மட்டும் போதாது, ஆல்ட் (உயரத்தையும் சேர்த்து அனுப்பும்) என்ற நிலையில் வைக்க வேண்டும். ஸ்டாண்ட்பையில் விட்டால் ராடாரின் கேள்விக்கு உங்கள் விமானம் பதிலே சொல்லாது. ஐடென்ட் பொத்தானை (ராடார் திரையில் உங்களைத் தனித்துக் காட்டுவது) கன்ட்ரோலர் கேட்டால் மட்டும் அழுத்துங்கள்.

7500 கடத்தல், 7600 ரேடியோ செயலிழப்பு, 7700 அவசரநிலை. இலக்கங்களைத் திருப்பும்போது இவற்றைக் கடந்து போகாதபடி, முதலில் ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டு எண்ணை மாற்றுவது நல்ல பழக்கம்.

9. வி.ஓ.ஆர்.: போடு, கேள், பிறகு நம்பு

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் பிரிவுகளையும்விட இதில் செலவிடும் நேரம்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பாலோ ஆல்ட்டோவில் கிளம்பி 3,000 அடிக்கு ஏறுங்கள். தரையிலேயே முயற்சி செய்து முள் அசையவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். இந்த அலைகள் நேர்கோட்டில் போகின்றன, நடுவில் மலையோ பூமியின் வளைவோ வந்தால் சிக்னல் இல்லை. 1,000 அடியில் கோட்பாட்டளவில் சுமார் 39 கடல்மைல் வரை, 10,000 அடியில் சுமார் 123 கடல்மைல் வரை எட்டும்.

அ) நேவ்1-இல் 115.8 போட்டு ஆக்டிவாக்குங்கள். இது சான் பிரான்சிஸ்கோ வி.ஓ.ஆர்.

ஆ) ஆடியோ பேனலில் நேவ்1-ஐ அழுத்துங்கள். மோர்ஸ் ஒலி வரும். எஸ் எழுத்துக்கு மூன்று குறில். எஃப்புக்கு இரண்டு குறில், ஒரு நெடில், மறுபடி ஒரு குறில். ஓவுக்கு மூன்று நெடில். மோர்ஸ் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை, வரைபடத்திலேயே புள்ளியும் கோடுமாக அச்சிட்டிருப்பார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சரியாகத் தெரிந்தாலும் நிலையம் வேறாக இருக்கலாம் அல்லது வேலை செய்யாமல் இருக்கலாம். காதால் உறுதி செய்யும் வரை முள்ளை நம்பக் கூடாது.

இ) கார்மின் பெட்டியில் சி.டி.ஐ. என்ற பொத்தானை அழுத்தி, திரையின் கீழே வி.எல்.ஓ.சி. என்று வரச் செய்யுங்கள். ஜி.பி.எஸ். என்று இருந்தால் முள் ரேடியோவைக் கவனிக்கவே கவனிக்காது. நேவ் ரேடியோவில் எல்லாம் சரியாக இருந்தும் முள் பொய் சொல்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஜி1000 என்ற கண்ணாடித் திரையில் நிறத்தைப் பாருங்கள்: மெஜந்தா என்றால் ஜி.பி.எஸ்., பச்சை என்றால் ரேடியோ.

ஈ) ஓ.பி.எஸ். குமிழை (எந்தக் கோடு என்று தேர்ந்தெடுப்பது) முள் கருவியில் திருப்புங்கள். முள் நடுவுக்கு வந்து, கொடி "டு" என்று காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பாலோ ஆல்ட்டோவின் மேலே இருந்தால் 290-ஐ ஒட்டி வரும். அந்தத் திசைக்கு விமானத்தைத் திருப்புங்கள்.

முள் நடுவுக்கு வரும் இடங்கள் இரண்டு உண்டு, ஒன்றுக்கொன்று 180 பாகை எதிர். "டு" என்றால் அது நிலையத்துக்குப் போகும் வழி. "ஃப்ரம்" என்றால் நிலையத்திலிருந்து நீங்கள் இருக்கும் கோடு, அதாவது ரேடியல். நிலையத்தை நோக்கிப் பறந்துகொண்டே "ஃப்ரம்" வைத்திருந்தால் முள் தலைகீழாக நடக்கும். வலப்பக்கம் காட்டும்போது நீங்கள் இடப்பக்கம் போக வேண்டியிருக்கும். வட்டம் அடித்துக்கொண்டிருக்கும் புதியவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கருவிக்கு உங்கள் விமானத்தின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று தெரியாது. நீங்கள் நின்ற இடத்தில் முழுவட்டம் திரும்பினாலும் முள் அப்படியே இருக்கும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் தேர்ந்தெடுத்த கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இதைச் சோதித்துப் பார்க்கலாம். பறக்கும்போது மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள், முள்ளைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும், எத்தனை பக்கம் படித்தாலும் அப்படிப் புரியாது.

முள் முழுவதும் ஓரத்துக்குப் போனால் 10 பாகை அல்லது அதற்கு மேல் விலகல். நிலையத்திலிருந்து 60 கடல்மைல் தூரத்தில் ஒரு பாகை என்பது ஒரு கடல்மைல், அருகே வர வர அந்த அகலம் சுருங்கும். அதனால் நிலையத்தை நெருங்கும்போது முள் துள்ளும். அப்போது அதைத் துரத்தாதீர்கள். பிடித்திருந்த திசையையே வைத்திருங்கள், நிலையத்தைக் கடந்ததும் கொடி "ஃப்ரம்" ஆக மாறி முள் அமைதியாகும்.

10. ஐ.எல்.எஸ்.

வி.ஓ.ஆர். பிடிபட்ட பிறகே இதற்கு வாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் 28 இடது ஓடுபாதைக்கு 109.55, அடையாளம் ஐ-எஸ்-எஃப்-ஓ. பக்கத்திலேயே இணையாக ஓடும் 28 வலது ஓடுபாதைக்கு 111.7, அதன் அடையாளம் வேறு. இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவு என்பதால், தவறான எண்ணைப் போட்டாலும் கடைசிவரை எல்லாம் சரியாகவே தோன்றும். மோர்ஸ் ஒலியைக் கேட்டிருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

சரிவுப்பாதைக்கு (இறங்கும் கோணத்தைக் காட்டும் சிக்னல்) தனி எண் போட வேண்டாம், நேவ் எண்ணோடு அது தானாகவே இணைந்து வரும். செஸ்னாவில் நேவ்1-இல் போடுங்கள். நேவ்2-இன் கருவியில் பல பேனல்களில் சரிவுப்பாதை முள்ளே கிடையாது.

ஓ.பி.எஸ்.ஸில் ஓடுபாதையின் திசையை வையுங்கள். வட்டக் கருவியில் ஐ.எல்.எஸ்.ஸின் போது இது முள்ளை மாற்றாது, உங்கள் நினைவுக்காக மட்டும். முள்ளின் கூர்மை வி.ஓ.ஆரைவிடச் சுமார் நான்கு மடங்கு, எனவே திருத்தங்கள் சில பாகைக்குள் இருக்கட்டும்.

முதலில் கிடைமட்டப் பாதையைப் பிடியுங்கள், பிறகு சரிவு. சரிவைக் கீழிருந்தே சந்திக்க வேண்டும். 3 பாகைச் சரிவுக்குக் கணக்கு எளிது: ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கடல்மைலுக்கும் சுமார் 300 அடி. 10 கடல்மைலில் 3,000 அடி. அதைவிட உயரத்தில் இருந்தால் மூக்கைக் கீழே குத்த வேண்டியிருக்கும், வேகம் ஏறிவிடும். ஆட்டோபைலட்டின் ஏ.பி.ஆர். (ஐ.எல்.எஸ்.ஸைப் பின்தொடரும்) நிலையும் மேலிருந்து வரும்போது பெரும்பாலும் பிடிக்காது.

11. டி.எம்.இ., ஏ.டி.எஃப்.

டி.எம்.இ. தூரத்தைக் காட்டும். அது தரையில் அளந்த தூரம் அல்ல, விமானத்திலிருந்து நிலையத்துக்குச் சாய்வான தூரம். சுமார் 6,000 அடியில் நிலையத்தின் நேர் மேலே இருந்தாலும் 1 கடல்மைல் என்று காட்டும்.

ஏ.டி.எஃப். முள் நிலையத்தை நோக்கி வெறுமனே திரும்பும். எண்கள் மெகாஹெர்ட்ஸ் அல்ல, கிலோஹெர்ட்ஸ். அமெரிக்காவில் இந்த நிலையங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அதனால் இதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

12. சத்தம் இல்லை, முள் அசையவில்லை

நடுவிலிருந்து தேடாதீர்கள், மின்சாரத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். ஏவியானிக்ஸ் மாஸ்டர், ரேடியோவின் ஒலியளவு, எண் ஆக்டிவில் இருக்கிறதா, ஆடியோ பேனல். முள்ளுக்கு இவற்றோடு உயரம், அடையாள ஒலி, ஜி.பி.எஸ்.ஸா வி.எல்.ஓ.சி.யா, கடைசியாக ஓ.பி.எஸ். ஆட்டோபைலட் வேறு பக்கம் ஓடினாலும் இதே பட்டியல்தான், ஏனென்றால் நேவ் நிலையில் அது முள்ளைத்தான் பின்தொடர்கிறது.

13. வாட்சிமில் நிஜ மனிதர்களோடு

மேலே உள்ளவை கை பழகிய பிறகு இணையத்துக்குப் போகலாம். வாட்சிம் (நிஜ மனிதர்கள் கன்ட்ரோலர்களாக இருக்கும் இணைய வலையமைப்பு) இலவசம், சேர்ந்ததும் அடிப்படைத் தேர்வு ஒன்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு விபைலட், எக்ஸ்-பிளேனுக்கு எக்ஸ்பைலட் என்ற மென்பொருள் வேண்டும். அவை உங்கள் விமானத்தின் காம் எண்ணைப் படித்தே யாரோடு இணைப்பது என்று தீர்மானிக்கின்றன. ஆகவே ஆடியோ பேனலும் ஆக்டிவ் எண்ணும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

முதல் நாள் பார்வையாளராக இணைந்து கேட்க மட்டும் செய்யுங்கள். பேசும் பொத்தானுக்கு, சிமுலேட்டரில் வேறு எதற்கும் பயன்படாத ஒரு விசையைக் கொடுங்கள். அது அழுந்தியபடியே நின்றால் அந்த அலைவரிசையில் யாருமே பேச முடியாது, அதனால் மென்பொருளில் அனுப்பும் விளக்கு அணைந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் பொதுவாக 122.8-இல் இருங்கள், ஓடுபாதைக்குள் நுழையும் முன் உங்கள் எண்ணத்தை அங்கே சொல்லுங்கள். கன்ட்ரோலர் தொடர்புகொள்ளும்படி செய்தி அனுப்பினால், அதில் உள்ள எண்ணை ஸ்டாண்ட்பையில் போட்டு, ஒருமுறை படித்துச் சரிபார்த்து, ஆக்டிவாக்கி, வேறு யாரும் பேசவில்லை என்று சில நொடிகள் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். புதியவர் என்பதையும் அந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம். வேகத்தைக் குறைத்துப் பேசுவார்கள்.